பன்னிக் கறி 11 மணி நேரம் வெந்தும் நார் பிரியலை. எங்கே தப்பு பண்ணினேன்?

காட்பாடி கரியடுப்பு:

எல்லாருக்கும் வணக்கம். இது பாதி கேள்வி, பாதி புலம்பல்.

வேலை விஷயமா மூணு வருஷம் வட கரோலினாவில் ராலே ஊரில் இருந்தேன். அங்கே ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சா நேரா புல்டு போர்க் கடைதான். பன்னியோட முன்சப்பையை மெதுவா, கரிச்சூட்டிலும் புகையிலும் ஒரு ராத்திரி முழுக்க வேகவச்சு, கையால பிச்சா நூல் நூலா வரும். அது மேல வினிகரும் மிளகாயும் கலந்த தண்ணிச் சாறு. அந்த மாநிலத்தின் கிழக்குப் பக்கம் அதில் தக்காளியைச் சேர்க்கவே மாட்டாங்க. மேற்கே லெக்சிங்டன் பக்கம் கொஞ்சம் கெச்சப் சேர்ப்பாங்க. இதுக்காக ரெண்டு பக்கமும் தலைமுறை தலைமுறையா சண்டை, நம்ம ஊர்ல பிரியாணிக்கு எந்த அரிசின்னு அடிச்சுக்கிற மாதிரி.

ஊருக்கு வந்து ஒன்றரை வருஷம் ஆச்சு. பொண்ணுக்கு ஞானஸ்நானம் வந்தது. "பிரியாணி எல்லாரும் போடுறாங்க, நான் இதைப் போடுறேன்"னு வீட்டில் வாய் விட்டுட்டேன். மாமியார் அப்பவே ஒரு பார்வை பார்த்தாங்க.

காகிதப்பட்டறையில் ஒரு வெல்டிங் பட்டறையில் 200 லிட்டர் டிரம்மை நீளவாக்கில் பிளந்து, கீல் வச்சு, கீழே ரெண்டு காத்து ஓட்டை, மேலே ஒரு சிம்னி வச்சுக் கொடுத்தாங்க. 6,500 ரூபாய். மூடியில் டிகிரி காட்டுற முள்ளு ஒண்ணு. கறிக்குள் சொருகுற தெர்மாமீட்டர் ஆன்லைனில் வாங்கினேன். கறி திருவலம் பக்கம் ஒரு பண்ணையில், 3.8 கிலோ, ஒரே துண்டா. அந்த ஆளை ஒரே துண்டா கொடுக்க வைக்கிறதே பெரும்பாடு. கத்தியை ஓங்கியபடி "சார், வறுவலுக்குத்தானே?"ன்னு மூணு முறை கேட்டார்.

காலை 7 மணிக்கு ஏத்தினேன். விருந்து சாயங்காலம் 5 மணிக்கு. பகல் பன்னிரண்டரைக்கு உள்சூடு 67 டிகிரி. ஆஹா, அப்பவே முடிஞ்சிடும் போலன்னு நினைச்சேன். ஒரு மணி, 67. ரெண்டு மணி, 68. மூணு மணிக்கு 67, அதாவது இறங்குது! தெர்மாமீட்டர் கெட்டுப்போச்சுன்னு கொதிக்கிற தண்ணியில் விட்டுப் பார்த்தேன், சரியாத்தான் காட்டுச்சு. பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை மூடியைத் திறந்து பார்த்தேன். நாலு மணிக்கு ஆளுங்க வர ஆரம்பிச்சுட்டாங்க. பயந்துபோய், மிச்சம் இருந்த கரி மூட்டையைக் கொட்டிட்டேன். மூடி முள்ளு 200 தாண்டுச்சு. ஆறு மணிக்கு உள்சூடு 84. சரி, 84ன்னா வெந்துதானே இருக்கும்னு இறக்கினேன்.

வெளியே கரிக்கட்டை. உள்ளே வெந்திருக்கு, ஆனா பிரியலை. ரெண்டு முள்கரண்டி வச்சு இழுத்தேன், கரண்டிதான் வளைஞ்சது. "மாப்ளே, ஆம்பூர்ல ஷூவுக்குக் கொடுத்திருக்கலாம்"னு என் மச்சான் சொன்னது இன்னும் காதில் இருக்கு. ஓரத்தில் கறி ரோஸ் கலரா இருந்ததால, "ஐயோ பச்சையா இருக்கு"ன்னு அத்தை ஒருத்தர் தட்டையே நகர்த்தி வச்சுட்டாங்க. கடைசியில் மாமியார் அதைப் பொடியா நறுக்கி, குக்கரில் நாலு விசில் விட்டு, சின்ன வெங்காயமும் மிளகும் போட்டு வறுவலாக்கிட்டாங்க. 22 பேரும் பரோட்டாவோட அதைச் சாப்பிட்டுட்டு "அருமை"ன்னு வேற சொன்னாங்க. அதுதான் ரொம்ப வலிக்குது.

கறியா, அடுப்பா, நானா? யாராவது நம்ம ஊர்ப் பக்கம் இதைப் பண்ணிப் பார்த்திருக்கீங்களா?

குடியாத்தம் எக்ஸ்பிரஸ்:

உங்க மாமியாருக்கு ஒரு சல்யூட். குக்கர்னு ஒண்ணு கண்டுபிடிச்சு எத்தனை வருஷம் ஆச்சு ப்ரோ? முதல்லயே குக்கர்ல வேகவச்சு, அப்புறம் அரை மணி நேரம் புகை காட்டினா போதாதா?

பழைய ஃபயர்மேன்:

தம்பி, ஒன் போஸ்ட்ட ரெண்டு தபா படிச்சேன். சிரிச்சேன், தப்பா நெனைக்காத. நானும் ஹூஸ்டன்ல எம் பொண்ணு வூட்ல இதே மாதிரி ஒரு சப்பைய நாசம் பண்ணவன்தான்.

நான் ரயில்வே. 1979ல ஃபயர்மேனா சேந்தேன். காட்பாடி–விழுப்புரம் மீட்டர் கேஜ் லைன்ல நெலக்கரி அள்ளிப் போட்டவன். அப்பால டீசல், கரண்ட்டுன்னு போய் டிரைவரா ரிட்டையர் ஆனேன். ரிட்டையர் ஆனதுக்கு அப்பறம் பொண்ணு வூட்டுக்கு ஆறு மாசம் போனேன். அங்க இன்னா வேல? டிவி பாக்கணும், பேரன இஸ்கூல்ல வுடணும். பக்கத்து வூட்டு வெள்ளக்காரரு சனிக்கெழம ராவுல இரும்பு டப்பாவ பத்த வச்சிகினு குந்திகினு இருப்பாரு. நெருப்புன்னு சொன்னா நமக்கு கை அரிக்குமே. வேலி ஓரம் போய் நின்னேன், பேச்சு புடிச்சிகினுச்சு. டெக்சாஸ்ல மாட்டு நெஞ்சுக்கறிதான் அவங்களுக்கு சாமி மாதிரி, ஆனா அவரு பன்னியும் செய்வாரு. ஆறு மாசத்துல நான் கத்துகினது அவருகிட்டதான்.

மொதல்ல ஒரு கேள்வி. ஒன் கறியில எலும்பு எப்டி கீது? தட்டையா, விசிறி மாதிரி ஒரு பட்டை எலும்பு இருந்துச்சா? இல்ல ஒரு பக்கம் குண்டு மாதிரி உருண்டையா முடியிற நீட்டு எலும்பா?

குண்டு எலும்புன்னா அது பின்னந்தொட. அந்த ஆளு ஒனக்கு நல்ல கறி குடுக்கணும்னுதான் குடுத்திருப்பான், ஏன்னா தொடையில கொழுப்பு கம்மி, சனங்க அத்தத்தான் கேக்கும். ஆனா இந்த வேலைக்கு அது ஒதவாது. பின்னந்தொட கறி நேரத்துக்கு முடிச்சிட்டா நல்லா இருக்கும், இழுத்தா வறண்டு பூடும். நமக்கு வேணும்னா கழுத்துக்குக் கீழ முன்சப்பை. அந்த ஜந்து நாள் பூரா தலைய ஆட்டிகினு மண்ணக் கெளர்ற எடம் அது. சவ்வும் கொழுப்பும் நாராட்டம் ஊடால ஊடால ஓடும். அந்த சவ்வுதான் வெசயம். அது கரைஞ்சு பாயா மாதிரி கொழகொழன்னு ஆவுறதுக்கு நேரம் வோணும். எழுபது டிகிரிக்கு மேல அது மெல்ல மெல்ல கரையும். 84ல நீ எறக்கினியே, அப்ப கறி வெந்திருக்கும், சவ்வு பாதிகூட கரைஞ்சிருக்காது. அதான் ஷூ. 93லேர்ந்து 96 வரைக்கும் போவணும். அதுலயும் நம்பர பாத்துகினே இருக்காத. கம்பி எட்த்து குத்திப் பாரு. வெந்த கருணக்கெழங்குல குச்சி எறங்குற மாதிரி எறங்கணும். ஒரு எடத்துல தடங்கல் இருந்தாகூட மூடிட்டு போய் டீ குடி.

அப்பால அந்த 67. தம்பி, ஒன் தெர்மாமீட்டர் கெடல, நெருப்பும் கெடல. சப்பையா இருந்தாலும் தொடையா இருந்தாலும் பெரிய துண்டுன்னா அது நிக்கத்தான் செய்யும். அறுவத்தஞ்சுலேர்ந்து எழுவத்தஞ்சுக்குள்ள எங்கனா ஒரு எடத்துல சிக்னல் வுயாத ரயிலு மாதிரி நாலு மணி நேரம் நிக்கும். ஏன்? மண் பானையில தண்ணி ஏன் ஜில்லுன்னு கீது? பானையில கசிஞ்ச தண்ணி ஆவியாப் போவும்போது சூட்ட எட்த்துகினு போவுது. கறியும் அப்டிதான், மேல வேர்த்துக் கொட்டுது. நீ கீழ குடுக்கிற சூடும், வேர்வ எட்த்துகினு போற சூடும் சரிக்குச் சமம். முள்ளு எப்டி ஏறும்? வேர்வ நின்னாத்தான் ஏறும். சித்திர வெயில்ல வேலூர்ல நாம வேர்த்துகினு குந்திகினு இருக்கமே, அப்டின்னு வச்சிக்கோ.

அந்த நேரம் பார்த்து நீ கரி மூட்டைய கொட்டின. அதான் கெட்டுது.

இதுக்கு ரெண்டு வழி. ஒண்ணு, பேசாம குந்து. ரெண்டாவது, கறியோட மேல்பக்கம் நல்லா கறுத்த தேன் கலர்ல வந்ததும் எட்த்து சுத்திடு. அங்க ஒரு மாதிரி காயிதம் வச்சிருக்காங்க. நமக்கு அது இன்னாத்துக்கு? வாழ எலைய நெருப்புல வாட்டி ரெண்டு சுத்து, அதுக்கு மேல அலுமினிய தாளு ரெண்டு சுத்து. வேர்வ வெளிய போவாது, முள்ளு குடுகுடுன்னு ஏறும். சுத்தினப்பறம் புகை உள்ள பூவாது, அதனால கலர் வராம சுத்தாத.

இப்ப நெருப்பு. இத்த கவனமா படி, மத்தத மறந்தாலும் பரவால்ல.

இஞ்சின்ல நாங்க கத்துகினது, கரி போட்டு சூடு ஏத்தக்கூடாது, காத்த வச்சி ஏத்தணும். கீழ டேம்பர, அதாவது காத்துக் கதவ, தொறந்தா நெருப்பு கத்தும், மூடினா மொணகும். ஒன் டிரம்முல மேல சிம்னிய எப்பவும் முழுசா தொறந்தே வை. அத்த மூடினா புகை உள்ளயே சுத்தி கறி கசக்கும். கீழ ரெண்டு ஓட்டையில ஒண்ண மூடிடு, இன்னொண்ண ஒரு வெரல் அகலம் தொற. கரிய டிரம்மோட ஓரமா, ரெண்டு வரிசையா, கொசுவத்தி சுருள் மாதிரி வளைச்சு அடுக்கு. ஒரு முனையில மட்டும் பத்து பதினஞ்சு துண்டு பத்தின கரிய வை. அது கொசுவத்தி மாதிரியே நின்னு நிதானமா ஊர்ந்து போவும். இன்னொரு பக்கம் கறி. கறிக்கு நேர் கீழ நெருப்பு இருக்கவே கூடாது, ஒரு தட்டுல தண்ணி வை, கொழுப்பு அதுல சொட்டட்டும். நெருப்புல சொட்டினா கரும்புகை.

மூடியில கீற முள்ள நம்பாத. சூடு மேல போவும், அது முக்காவாசி நேரம் கூடத்தான் காட்டும். கறி வக்கிற கம்பி மேல, கறிக்குப் பக்கத்துல 110 இருக்கணும். நூறும் நூத்திருவதும் ஊடால ஆடினா பரவால்ல. மூடிய மட்டும் தொறக்காத. ஒரு தபா தொறந்தா உள்ள கீற சூடு பூரா போச்சு, மறுபடி ஏற இருவது நிமிசம். நீ பத்து நிமிசத்துக்கு ஒரு தபா தொறந்திருக்க. கணக்கு போட்டுக்கோ.

கரிக்கு வேலிகாத்தான் கரியே போதும், இஸ்திரிக் கடைக்குப் போவுதே அது. அதுல ஒரு தமாசு. அந்த வெள்ளக்காரரு "மெஸ்கீட், மெஸ்கீட்"னு ஒரு கட்டைய பொத்திப் பொத்தி வச்சிருந்தாரு, காசு குடுத்து வாங்கினது. மோந்து பாத்தேன். அட, நம்ம பாலாத்துக்கு ஒள்ள மண்டிக் கெடக்கிற வேலிகாத்தான்! கோர்ட்டு வெட்டச் சொல்லியும் ஒழியாத மரம். ரெண்டும் ஒரே குடும்பம்னு பொண்ணு போன்ல பாத்து சொன்னா. அவருகிட்ட "எங்க ஊருக்கு வா, லாரி லாரியா தரேன்"ன்னேன். ஆனா புகை காரமா இருக்கும், பச்சக் கட்டைய நெறைய போடாத. கரியா இருந்தா நல்லது. புகைக்கு காஞ்ச கொய்யாக் கட்ட, மாங்கட்ட, கை அளவுல நாலு துண்டு. அரளி பக்கம் போவவே போவாத, வெசம். பெயின்ட் அடிச்ச பலக, பிளைவுட்டு, அதுவும் கூடாது. சிம்னியில வெள்ளையா குப்புகுப்புன்னு வந்தா நெருப்பு மூச்சு முட்டுதுன்னு அர்த்தம். லேசா நீலமா, கண்ணுக்கு தெரிஞ்சும் தெரியாம வரணும். எங்க இன்ஸ்பெக்டரும் இஞ்சின் சிம்னியப் பாத்துதான் எங்கள திட்டுவாரு.

ரோஸ் கலருக்கு அத்தை பயந்தாங்கல்ல, அது பச்ச இல்ல. புகையில கீற வாயு கறிச் செவப்போட சேந்து அப்டியே நின்னுடும். ஓரத்துல மட்டும் ஒரு கோடா இருக்கும். அங்க அது வந்தாத்தான் பெருமை.

கிலோவுக்கு மூணு, மூன்றர மணி நேரம் வை. எறக்கி ஒரு மணி நேரமாவது அப்டியே சுத்தினபடி வுட்டுடணும், ஒடனே பிக்காத, சாறு பூரா தட்டுல ஓடிடும். விருந்துக்கு மூணு மணி நேரம் முன்னாடியே முடியிற மாதிரி கணக்கு வை. சீக்கிரம் வெந்தா வச்சிக்கலாம். லேட்டானா ஒன் மாமியார்தான் கதி.

குடியாத்தம் தம்பிக்கு: குக்கர்ல வெந்ததும் கறிதான், ருசிதான். ஆனா அதுல புகையும் இல்ல, அந்த கறுத்த மேல்தோலும் இல்ல. ஆம்பூர்ல தம் பிரியாணிய ஏன் வெறகடுப்புல வச்சு, மூடி மேல நெருப்புத் துண்டு போடுறான்? குக்கர் வாங்க காசில்லாமயா?

ராணிப்பேட்டை ரசாயனம்:

ஃபயர்மேன் ஐயா எழுதினதை என் வீட்டுக்காரருக்கு சத்தமாப் படிச்சுக் காட்டினேன், ரெண்டு பேரும் ரசிச்சோம். நான் ஒண்ணு மட்டும் கேக்கணும், காட்பாடி சார். அந்த 200 லிட்டர் டிரம் எங்கேர்ந்து வந்தது?

நான் தோல் பதனிடுற ஒரு இடத்தில் லேபில் பத்து வருஷம் வேலை பார்த்தவ. நம்ம ஜில்லாவில் காயலான் கடைக்கு வர்ற டிரம்களில் பாதிக்கு மேல என்ன இருந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது. சாயம், கரைப்பான், தோலுக்குப் போடுற எண்ணெய், எது வேணும்னாலும் இருந்திருக்கலாம். கழுவினா போயிடும்னு பட்டறையில் சொல்வாங்க, போகாது. சமையல் எண்ணெய் வந்த டிரம்மான்னு உறுதியா தெரிஞ்சுக்கோங்க. தெரியலைன்னா, மனசைக் கல்லாக்கிட்டு தூக்கிப் போடுங்க. 6,500 ரூபாய் பெரிசில்லை.

நல்ல டிரம்மா இருந்தாலும் உள்ளே பெயின்ட் மாதிரி ஒரு பூச்சு இருக்கும். முதல் முறை சமைக்கிறதுக்கு முன்னாடி வெறும் விறகை நிறையப் போட்டு, உள்பூச்சு எரிஞ்சு உதிர்ற வரை எரிக்கணும். மொட்டை மாடியில் வேண்டாம், காலி மனையில் பண்ணுங்க. புகை பக்கம் நிக்காதீங்க. அப்புறம் கம்பித்தூரிகையால் சுரண்டி, எண்ணெய் தடவி மறுபடி சூடு காட்டணும், புது தோசைக்கல்லைப் பழக்குற மாதிரி. கறி வைக்கிற கம்பி வெள்ளியா மினுமினுன்னு இருந்தா அது துத்தநாகப் பூச்சா இருக்கலாம். சாதா இரும்பு, இல்லைன்னா எவர்சில்வர் கம்பி போடச் சொல்லுங்க.

காட்பாடி கரியடுப்பு:

ஐயா, எலும்பு குண்டு எலும்புதான்! மாமியார் அதைச் சூப்புக்கு எடுத்து வச்சிருந்தாங்க, ஃப்ரீசரைத் திறந்து பார்த்தேன். அப்போ பின்னந்தொடையை 11 மணி நேரம் வதைச்சிருக்கேன்.

ராணிப்பேட்டை மேடம், ரொம்ப நன்றி. பட்டறைக்குப் போன் பண்ணினேன். "ஏதோ டிரம் சார், நல்ல டிரம் சார்"னு சொன்னார். "ஏதோ"ங்கிற வார்த்தையைக் கேட்டதும் வயித்தைக் கலக்கிடுச்சு. முதல் விருந்துக்கு அதிலதானே சமைச்சோம்னு நினைச்சா தூக்கமே வரலை. வேற டிரம் தேடுறேன்.

இன்னும் ரெண்டு சந்தேகம். என் மாமா ஒருத்தர் "பன்னிக் கறி தின்னா மூளையில புழு வரும், சி.எம்.சி ஆஸ்பத்திரியில போய்ப் பாரு எத்தனை கேஸ்னு" அப்படின்னு குடும்ப வாட்ஸாப் குரூப்பில் ஆரம்பிச்சுட்டார். மறுபடி விருந்து வச்சா பாதிப் பேர் வரமாட்டாங்க போல. ரெண்டாவது, என் மாடிக்கு ஒட்டினாப்ல பாய் வீடு. ராத்திரி முழுக்கப் பன்னிக் கறிப் புகை அவங்க பக்கம் போறது எனக்கே சங்கடமா இருக்கு. என்ன பண்றது?

வார்டு நம்பர் ஏழு:

நர்ஸா இருக்கேன், எந்த ஆஸ்பத்திரின்னு கேக்காதீங்க. உங்க மாமா பாதி சரி, பாதி தப்பு.

நாடாப்புழுவோட கதை ரெண்டு தனித்தனிப் பாதை. புழுவோட குஞ்சுப் பை இருக்கிற கறியைச் சரியா வேகாம சாப்பிட்டா, குடலில் நாடாப்புழு வளரும். மூளைக்குப் போறது அது இல்லை. குடலில் புழு இருக்கிற ஒரு ஆளோட மலத்தில் அந்த முட்டை வெளியே வரும். அது கழுவாத கை வழியா, பச்சைக் காய்கறி வழியா, தண்ணி வழியா இன்னொருத்தர் வாய்க்குள்ளோ, அதே ஆளோட வாய்க்குள்ளோ போனாதான் மூளையில் கட்டி வந்து வலிப்பு வரும். அதனாலதான் சுத்த சைவக்காரங்களுக்கும் வருது. நம்ம ஊர் சி.எம்.சி டாக்டர்கள் இந்த நோயைப் பத்தி வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க, மாமா அந்தப் பேரைச் சொன்னது அந்த வகையில் சரிதான்.

93 டிகிரி வரைக்கும் போன கறியில் அந்தப் புழு பிழைக்காது. தெருவில் மேஞ்ச பன்னியா இல்லாம கொட்டகையில் தீவனம் போட்டு வளர்த்த வெண்பன்னியா பார்த்து வாங்குங்க. பச்சைக் கறியில் சவ்வரிசி மாதிரி வெள்ளை வெள்ளையா மணி தெரிஞ்சா வாங்காதீங்க. கறியை வெட்டின பலகையில் வெள்ளரிக்காய் நறுக்காதீங்க. மாமாவை சாலட்டை நல்லா கழுவிச் சாப்பிடச் சொல்லுங்க, பயம் அதுலதான் இருக்கணும்.

பழைய ஃபயர்மேன்:

தம்பி, பாய் விசயத்துக்கு எங்கிட்ட இன்னாத்துக்கு கேக்குற, அவருகிட்டயே கேளு. எங்க காலனியில ஏழு வூட்டுக்காரன் ஏழு தினுசு. நான் மொத தபா செய்யும்போது மேல் வூட்டுக்குப் போய் சொல்லிட்டுத்தான் பத்த வச்சேன். மறைச்சு செஞ்சாத்தான் சண்ட. காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னும் பாரு. டிரம்ம மாடியோட இன்னொரு மூலைக்கு தள்ளு.

ராவுல மொத மூணு மணி நேரமும், விடிகாலயில சுத்துற நேரமும்தான் ஆளு வோணும். ஊடால தூங்கலாம். ஆனா நெருப்ப வுட்டுட்டு கீழ போய் தூங்காத, பக்கத்துலயே பாய் போட்டுக்கோ, ஒரு பக்கெட்டு தண்ணி வச்சிக்கோ.

கறிக்கு உப்ப மொத நா ராவே தடவி ஃப்ரிட்ஜில வச்சிடு. கிலோவுக்கு பதினஞ்சு கிராம். தோல உரிச்சிடு, கொழுப்பு அரை வெரல் கனம் நிக்கட்டும். தோல எறியாத.

காட்பாடி கரியடுப்பு (ஐந்து வாரம் கழித்து):

எல்லாருக்கும் ரிப்போர்ட் கொடுக்கிறேன்.

சமையல் எண்ணெய் மொத்த வியாபாரி ஒருத்தர்கிட்ட நேரா போய், எண்ணெய் வாடையோட ஒரு டிரம் வாங்கினேன். பட்டறைக்காரர் பழைய டிரம்மோட கீல், சிம்னி எல்லாம் எடுத்து இதில் பொருத்தி, கூலி மட்டும் வாங்கிக்கிட்டார். பாலாற்றங்கரையில் வச்சு விறகு போட்டு எரிச்சோம். உள்பூச்சு பாம்புச் சட்டை மாதிரி உரிஞ்சு வந்துச்சு. மேடம், அதைப் பார்த்தப்போ உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

பாய் வீட்டுக்கு நானே போனேன். என்ன கறின்னு சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் "அது உங்க வீடு, உங்க சாப்பாடு. சனிக்கிழமை எங்க வீட்டில் துணி துவைக்கிற நாள், கொடியில் துணி இருக்கும்போது மட்டும் கொளுத்தாதீங்க"ன்னார். துணி எல்லாம் எடுத்தப்புறம் ராத்திரி 8 மணிக்குப் பத்த வச்சேன்.

இந்த முறை திருவலம் பண்ணையில் நின்னு, என் தோளைத் தொட்டுக் காட்டி, "விசிறி எலும்பு இருக்கிற இடம்"னு சொல்லி வாங்கினேன். 4.1 கிலோ. உப்பு, மிளகு, மிளகாய்த்தூள், கடுகுத்தூள் கொஞ்சம், பழுப்புச் சர்க்கரைக்குப் பதிலா வெல்லத்தூள். கரி கொசுவத்தி சுருள்தான். மச்சான் துணைக்கு வந்தான், பதினோரு மணிக்குக் குறட்டை விட்டுட்டான்.

ராத்திரி ஒண்ணரை மணிக்கு 66. அப்புறம் நின்னுடுச்சு. ரெண்டரைக்குத் தூறல் வேற. சிம்னிக்கு மேல ஒரு தகரத்தைச் சாய்வா பிடிச்சுக்கிட்டு, மறுகையில் குடையோட நின்னேன். முள்ளு 67. கரி மூட்டை பக்கத்திலேயே இருந்தது ஐயா. கை போச்சு. "சிக்னல் வுயாத ரயிலு"ன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு உக்காந்துட்டேன். நாலே முக்காலுக்கு மூடியைத் திறந்தா, மேல்பக்கம் பனங்கருப்பட்டி மாதிரி கறுத்து, விரலால் தட்டினா டொக்குன்னு சத்தம். வாழை இலை, அலுமினியத் தாள் சுத்தி மறுபடி வச்சேன். அதுக்கப்புறம் விறுவிறுன்னு ஏறி, பத்தரைக்கு 95. கம்பி குத்திப் பார்த்தேன். கருணைக்கிழங்கு.

டவல் ரெண்டு சுத்தி, புது தெர்மாகோல் பெட்டியில் வச்சு மூடிட்டு சர்ச்சுக்குப் போயிட்டோம். ஒரு மணிக்குத் திறந்தப்பவும் கை வைக்க முடியாத சூடு. மாமியார் பக்கத்தில் வந்து நின்னாங்க. விசிறி எலும்பைப் பிடிச்சு இழுத்தேன். ஒட்டாம, துடைச்சு வச்ச மாதிரி வெள்ளையா கையோட வந்துடுச்சு. ஒண்ணும் சொல்லலை, எலும்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. "சூப்புக்குக்கூட ஒண்ணும் மிச்சம் வைக்கலியே"ன்னு கேட்டாங்க.

நாலு கிலோவில் பிச்ச கறி ரெண்டு கிலோவுக்குச் சில கிராம் கூட வந்தது. வினிகர், மிளகாய், உப்பு, துளி சர்க்கரை சாறு. தக்காளி போடலை, நான் கிழக்குக் கட்சி. பன் ரொட்டியில் வச்சுக் கொடுத்தேன். ஆனா பாதிப் பேர் அதை இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க் கொத்சுவோட, இட்லிக்குத் தொட்டுக்கிட்டுச் சாப்பிட்டாங்க. அந்த வினிகர் புளிப்புக்கும் கத்திரிக்காய்க்கும் அப்படி ஒரு பொருத்தம், ராலேயில் இருக்கிறவனுக்குச் சொன்னா நம்ப மாட்டான். வாட்ஸாப் மாமா வந்தார். சாலட்டை மட்டும் தொடலை.

ஒரு 600 கிராம் மிச்சம் ஃப்ரிட்ஜில் இருக்கு. நாளைக்குச் சூடு பண்ணினா வறண்டு போயிடுமா?

பழைய ஃபயர்மேன்:

தட்டுல சொட்டின சாற எட்த்து வச்சியா? கறியில ரெண்டு கரண்டி வுட்டு, கிண்ணத்துல மூடி, இட்லி சட்டியில ஆவி காட்டு, பத்து நிமிசம். கடாயில போடாத.

அந்த தோல இன்னா பண்ண?